பொறுத்தல் வலிமையா, வலியின்மையா?

(மகோற்சவத்தின் வேட்டைத் திருவிழா இரவு நிகழ்த்திய பிரசங்கம்)

திருச்சிற்றம்பலம்.



கொடியேற்றம் முதலாக எம்பெருமான் நாள்தோறும் வெவ்வேறு வாகனங்களில் திருவீதி எழுந்தருளும் காட்சியைக் கண்டு கண்ணும் கருத்தும் குளிர்ந்து வருகின்றோம். இன்று வேட்டைத் திருவிழா. படைக்கலம் ஏந்திப் புறப்பட்டு, வேட்டையாடி மீண்ட பெருமான் இப்பொழுது வசந்த மண்டபத்தில் வீற்றிருக்கின்றார். அத்திருக்கோலத்தின் முன் நின்றுகொண்டு, அடித்தவனைத் திருப்பி அடித்தல் ஆகாது என்னும் கிறிஸ்தவ போதனையைப் பற்றி நாம் பேசப் புகுவது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திருவிழா மேடைக்கு இப்பொருள் பொருந்துமோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். ஆயினும் இதனை எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. இது நாம் தீர்க்கவேண்டிய ஒரு கடன்.

சென்ற ஆண்டு இதே திருவிழாவில், இதே மேடையில், நாம் இப்போதனையை எள்ளி நகையாடினோம். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டுக என்பது ஆட்டு மந்தைக்கு ஏற்ற உபதேசம் என்றோம். நம் பெருமான் சூலமும் மழுவும் ஏந்தியவர், முப்புரம் எரித்தவர், நம் சமயம் கோழைகளின் சமயம் அன்று என்றோம். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அக்கைதட்டலில் நாமும் மகிழ்ந்தோம்.

பிரசங்கம் முடிந்து மேடையிலிருந்து இறங்கி வந்தபோது, மடப்பள்ளிச் சுவர் ஓரமாக முதிய தாயொருவர் நமக்காகக் காத்து நின்றார். அவர் சினந்து பேசவில்லை. இரண்டு கேள்விகள் மாத்திரம் கேட்டார். "ஐயா, அப்படியானால் மெய்ப்பொருள் நாயனாரும் கோழையோ?" என்பது முதற் கேள்வி. நாம் விடை தேடி நிற்கும் முன்பே இரண்டாவதைக் கேட்டார். "என் மகன் போர்க்காலத்தில் போனவன், இன்னும் திரும்பவில்லை. எல்லாரும் என்னைப் பொறு, பொறு என்கிறார்கள். பொறுப்பது என்றால், என் பிள்ளை எங்கே என்று கேட்கவும் கூடாதோ?"

மெய்யன்பர்களே, அக்கேள்விகளுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. போர் 2009ஆம் ஆண்டில் ஓய்ந்தது. அத்தாயின் காத்திருப்பு ஓயவில்லை. அவரைப் போன்ற தாய்மார் இக்கூட்டத்திலும் இருக்கின்றார்கள் என்பதை மறந்து, வீரம் பேசிக் கைதட்டல் பெற்றோம். பிழையை எங்கே செய்தோமோ அங்கேயே திருத்துவது முறை. ஆதலின் இன்று அவ்விரு கேள்விகளையும் முன்வைத்து, நாம் பழித்த அப்போதனையை நேர்மையாக ஆராயப் புகுகின்றோம்.

ஒரு போதனையை மதிப்பிடப் புகுவோர், அது எவர்க்கு, எச்சூழலிற் சொல்லப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இப்போதனை மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில், மலைப்பிரசங்கம் எனப்படும் பகுதியில் வருகின்றது. யூதர்க்குரிய பழைய சட்டம் கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என விதித்தது. அச்சட்டத்தைக் கொடுமையானது என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது பழிவாங்கலுக்குப் போட்ட வேலி. ஒரு பல்லை உடைத்தவனின் குலத்தையே அழிக்கப் புறப்படும் வெறியை அது தடுத்தது. இழந்தது ஒரு பல்லாயின் ஒரு பல்லுக்கு மேல் வாங்காதே என்றது. இயேசுநாதர் அவ்வேலியை இன்னும் உள்ளே நகர்த்தி, அந்த ஒரு பல்லையும் வாங்காதே என்றார்.

அதனைக் கேட்டவர்கள் உரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த எளிய மக்கள். உரோமப் போர்வீரன் வழியிற் செல்பவனை மறித்துத் தன் சுமையைச் சுமக்கச் செய்யலாம். ஒரு கல் தொலைவு சுமக்கக் கட்டாயப்படுத்தினால் இரண்டு கல் தொலைவு செல்க என்னும் போதனை அவ்வழக்கத்தை ஒட்டியே எழுந்தது. முதற் கல் தொலைவைச் சுமப்பவன் அடிமை. இரண்டாவதைத் தன் விருப்பாற் சுமப்பவனை எவ்வாறு அடிமை என்பது?

கன்னத்தைப் பற்றிய சொல்லிலும் கூர்ந்து நோக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. மத்தேயு வலக் கன்னம் என்று குறித்துச் சொல்கின்றார். எதிரே நிற்பவனின் வலக் கன்னத்தில் வலக் கையால் அறையவேண்டுமாயின் புறங்கையாலேதான் அறைய முடியும். நீங்களே கையை உயர்த்திப் பார்த்து இதனை அறியலாம். புறங்கையடி காயப்படுத்துவதற்காக அடிப்பதன்று, இழிவுபடுத்துவதற்காக அடிப்பது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூத சட்டத் தொகுப்பு, கன்னத்தில் அறைந்தவனுக்கு 200 நாணயம் அபராதம் என்றும், புறங்கையால் அறைந்தவனுக்கு 400 நாணயம் என்றும் விதிக்கின்றது. அவமானம் இருமடங்கு என்பது அதன் கருத்து. இழிவுபட்டவன் ஓடாமலும் குனியாமலும் நிமிர்ந்து நின்று மறு கன்னத்தைக் காட்டுவானாயின், "உன் அடி என்னைச் சிறியவன் ஆக்கவில்லை" என்று அவன் அறிவிக்கின்றான். அமெரிக்க இறையியலாளர் வால்ட்டர் விங்க் இவ்வாறு விளக்கினார். இவ்விளக்கத்தைக் கிறிஸ்தவ அறிஞர் எல்லாரும் ஏற்பதில்லை. ஆயினும் ஆட்டு மந்தை என்று நாம் சொன்னது எவ்வளவு அவசரமான சொல் என்பதை உணர்த்த இது போதும்.

இனி, இப்போதனைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் மறைக்காமல் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஜெர்மானியத் தத்துவஞானி நீட்சே, ஒழுக்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்து 1887இல் வெளியிட்ட நூலில் இதனைக் கடுமையாகத் தாக்கினார். பழிவாங்க இயலாதவன் தன் இயலாமைக்கு மன்னிப்பு என்று பெயர் சூட்டிக்கொள்கின்றான், தன் கோழைத்தனத்தைப் பொறுமை என்று புகழ்ந்துகொள்கின்றான் என்பது அவர் கூற்றின் சாரம். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. மேலதிகாரி ஏசினால் வாய்மூடி நின்று, வீட்டுக்கு வந்து மனைவி மக்கள் மேற் பாய்பவன் பொறுமையாளன் அல்லன். அடிக்கத் துணிவின்றி உள்ளே பகையை வளர்ப்பவனும் பொறுமையாளன் அல்லன்.

ஆனால் திருவள்ளுவர் இதனை முன்பே அளந்து வைத்தார். திருக்குறளின் 31ஆம் அதிகாரம் வெகுளாமை. தன் சினம் எங்கே பலிக்குமோ அங்கே அதனைக் காப்பவனே சினத்தைக் காத்தவன் என்பது அதன் முதற் குறளின் கருத்து. பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்றும் அவர் கேட்கின்றார். இது பொன்னை உரைக்கும் கட்டளைக்கல். நீட்சேயின் வாள் போலிப் பொறுமையை வெட்டுகின்றது. மெய்யான பொறுமை வள்ளுவரின் கல்லில் உரைக்க உரைக்க மின்னுகின்றது.

இன்னொரு குற்றச்சாட்டு நமக்கு மிக அண்மையில் உள்ளது. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரின் சமயத்தைச் சார்ந்தோர் அப்படி நடந்தார்களா? 1621ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தழித்தார். இதனைச் சைவ மக்கள் மறக்கவில்லை. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்த எசமானர்கள், அடிமைகள் எசமானர்க்குக் கீழ்ப்படிக என்னும் வேத வாக்கியங்களையே தேர்ந்தெடுத்து அம்மக்களுக்குப் போதிக்கச் செய்தார்கள். சாட்டையைக் கையில் வைத்திருப்பவன் முதுகைக் காட்டுபவனுக்குப் பொறுமையை உபதேசித்தால் அது தருமோபதேசம் ஆகாது.

இதனைச் சொல்லும்போது பிறர் பக்கமே விரல் நீட்டுவது நேர்மையன்று. 1968ஆம் ஆண்டில், நம் வடபுலத்து ஆலயமொன்றின் வாசலில், உள்ளே வந்து வழிபடும் உரிமை கேட்டுச் சிவனடியார் பலர் அறவழியில் அமர்ந்தனர். அவர்களைத் தாழ்ந்த குலத்தார் என்று சொல்லி வழிமறித்தவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்லர், சைவர்களே. ஆண்டவன் முன் அனைவரும் ஒன்று, காலம் வரும், பொறுங்கள் என்று அந்நாளில் உபதேசித்தவர்களும் சைவர்களே. உள்ளே நிற்பவன் வெளியே நிற்பவனைப் பார்த்துப் பொறு என்பது எத்துணை எளிது! ஆதலின் முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். பொறுமை என்பது ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் தவம். அதைப் பிறன் முதுகில் ஏற்றும் உரிமை எவர்க்கும் இல்லை.

அடுத்து, மெய்யான பொறுமை வாய்மூடிக் கிடப்பதா என்பதைப் பார்ப்போம். இதற்கு இயேசுநாதரின் வாழ்க்கையே விடை தருகின்றது. அவரைப் பிடித்துத் தலைமைக் குருவின் முன் நிறுத்தி விசாரித்தபோது, அவர் சொன்ன விடை மரியாதைக் குறைவானது என்று காவலன் ஒருவன் அவரை அறைந்தான். இந்நிகழ்ச்சியை யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். அவர் திருப்பி அடிக்கவில்லை. அடியார்களை ஏவவுமில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அத்தவற்றை எடுத்துக்காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடித்தாய் என்று அவனை நேரே கேட்டார். அன்பர்களே, இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கை எழாதது பொறுமை. அடித்தது ஏன் என்று கேட்டது வாய்மை. இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே நேரத்தில் விளங்கின.

இவ்வுபதேசம் ஏட்டில் மாத்திரம் இருப்பதன்று என்பதற்கு, அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் மொண்ட்கோமரி என்னும் நகரில் நிகழ்ந்ததைச் சொல்வோம். அந்நகரப் பேருந்துகளிற் கறுப்பின மக்கள் வெள்ளையர்க்கு இருக்கையை விட்டு எழவேண்டும் என்பது நடைமுறை. 1955 டிசம்பர் 1ஆம் திகதி ரோசா பார்க்ஸ் என்னும் பெண்மணி எழ மறுத்தார். அவரைக் கைது செய்தார்கள். டிசம்பர் 5ஆம் திகதி முதல் அம்மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மார்ட்டின் லூதர் கிங் என்னும் இளம் போதகர். 1956 ஜனவரி 30ஆம் திகதி இரவு அவர் கூட்டமொன்றில் இருந்த வேளையில் அவர் வீட்டின் முன்புறத்தில் வெடிகுண்டு வெடித்தது. வீட்டில் அவர் மனைவியும், பிறந்து மூன்று மாதமும் நிறையாத குழந்தையும் இருந்தனர். இறைவன் அருளால் அவர்களுக்குக் காயமில்லை. செய்தி பரவி, கொதித்தெழுந்த மக்கள் வீட்டின் முன் திரண்டனர். சிலர் கையில் ஆயுதமும் இருந்தது.

அப்பொழுது அவருக்கு வயது 27. தம் மனைவியும் மகவும் உயிர் தப்பியதைக் கண்ணாற் கண்டு வெளியே வருகின்றார். இடிந்த திண்ணையில் நிற்கின்றார். ஒரு சொல் சொன்னால் அந்நகரம் அன்றிரவே எரியும். அவருடைய சினம் பலிக்கும் இடம் அது. வள்ளுவர் வைத்த கல்லில் அவர் உரைக்கப்பட்ட வேளை அது. ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பகைவரையும் அன்பு செய்வோம் என்று சொல்லி அக்கூட்டத்தை அவர் அமைதியாகக் கலையச் செய்தார்.

கதை அதனோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 1ஆம் திகதி, பேருந்துப் பாகுபாட்டை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாயிற்று. மக்கள் நடந்தே வேலைக்குச் சென்றார்கள். 381 நாள் அப்போராட்டம் நீடித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அப்பாகுபாடு செல்லாது என்று உறுதிசெய்த பின்னர், 1956 டிசம்பரில் அவர்கள் தலைநிமிர்ந்து பேருந்தில் ஏறினார்கள். அவர்கள் எவரையும் அடிக்கவில்லை. ஆனால் கேட்பதை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

அவர் 1968 ஏப்ரல் 4ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய தாயாரை 1974இல் தேவாலயத்தில் வழிபாட்டின்போது ஒருவன் சுட்டுக்கொன்றான். மகனையும் மனைவியையும் கொலைக்குப் பறிகொடுத்த முதிய தந்தையார், 1980இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், அவ்விரு மனிதரையும் தாம் வெறுக்கவில்லை என்று எழுதினார். வழக்குகள் நடந்தன, தண்டனைகளும் வழங்கப்பட்டன. ஆயின் அம்முதியவரின் உள்ளத்தைப் பகை தனக்கு வீடாக்கிக்கொள்ள முடியவில்லை. இதைப் பலவீனம் என்று சொல்ல நம் நா எழுமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். அத்தாயின் முதற் கேள்வி மெய்ப்பொருள் நாயனாரைப் பற்றியதன்றோ?

சேதி நாட்டுத் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருளார் போருக்கு அஞ்சியவர் அல்லர். முத்தநாதன் என்னும் பகைவன் பலமுறை படையெடுத்து வந்து, ஒவ்வொரு முறையும் அவரிடம் தோற்று ஓடினான். போரில் வெல்ல இயலாதவன் திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கவளியில் உடைவாளை மறைத்துக்கொண்டு அடியார் வேடத்தில் வந்தான். வாயிலில் நின்ற தத்தன், அரசர் துயிலுங் காலம் என்று தடுத்தும் உள்ளே புகுந்தான். எங்கும் கிடைத்தற்கரிய ஆகமம் கொண்டுவந்தேன் என்றான். அரசர் அரசியை அப்பால் அனுப்பி, அவனை ஆசனத்தில் இருத்தி, தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். அப்பொழுது அவன் தான் நினைத்ததைச் செய்து முடித்தான்.

தத்தன் பாய்ந்து வந்து வாளை ஓங்கினான். வீழ்கின்ற அரசர் தம் கையால் அவனைத் தடுத்தார். இவர் நம்மைச் சேர்ந்தவர், இவருக்கு இடையூறு நேராமல் நகர்ப்புறம் வரை கொண்டுபோய் விடுக என்று பணித்தார். சேக்கிழார் பெருமான் இதனைச் சொல்லுமிடத்தில் நாம் எல்லாரும் அரசரையே நினைந்து உருகுகின்றோம். அது முறையே. ஆயினும் சற்றே தத்தனையும் நினைந்து பாருங்கள். கையில் வாள் இருக்கின்றது. தன் அரசரைக் குத்தியவன் ஒரு வீச்சுத் தொலைவில் இருக்கின்றான். அவனுக்கே காவலாக நடக்கவேண்டும்! செய்தி பரவி ஊர் மக்கள் கொதித்து வழிமறிக்கின்றார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரசரின் ஆணையை எடுத்துச் சொல்லி விலக்குகின்றான். தன் உள்ளமும் அம்மக்களோடு சேர்ந்து கொதிக்கும்போதே அவர்களைத் தடுக்கின்றான். நகர் எல்லையைக் கடந்து, அவனை ஊறின்றிப் போகவிட்டு, ஓடோடி மீள்கின்றான். அச்செய்தியைக் கேட்கவே உயிரைத் தாங்கியிருந்த அரசர், நீ இன்று செய்ததை யாரே செய்ய வல்லார் என்று அவனைப் பாராட்டினார். பின்னர் அம்பலவாணர் காட்சி தந்தருளினார்.

இடிந்த திண்ணையில் நின்று கூட்டத்தைக் கலைத்த அப்போதகரையும், நகர வீதியில் மக்களை விலக்கி நடந்த தத்தனையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இருவரும் தம் கையைத் தாமே கட்டியவர்கள். பிறர் கட்டிய கை அன்று அது.

இங்கே ஒரு வேற்றுமையை மறைத்தலாகாது. கிறிஸ்தவர் பகைவனை அன்பு செய்வதற்குக் காட்டும் காரணம், பரமபிதா நல்லார் மேலும் தீயார் மேலும் ஒரே ஞாயிற்றை உதிக்கச் செய்கின்றார், அவருடைய பிள்ளைகளும் அவ்வாறே நடக்கவேண்டும் என்பது. மெய்ப்பொருளார் காட்டிய காரணம் திருவேடம். அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே கண்டு தொழுக என்பது சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரக் கருத்து. முத்தநாதனின் நெஞ்சை அவர் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தார். வேர்கள் வேறு. ஆனால் கனி ஒன்றாக இருக்கின்றது. அதனைச் சுவைத்தறியாமல் அயலான் தோட்டத்துக் கனி புளிக்கும் என்று சென்ற ஆண்டு நாம் சொல்லிவிட்டோம்.

நம் அடியாருள் மழு ஏந்தியவரும் உளரே என்பீர்கள். எறிபத்த நாயனாரைச் சொல்வீர்கள். கருவூரில் சிவகாமியாண்டார் இறைவனுக்குக் கொண்டுசென்ற பூங்கூடையைப் பறித்துச் சிந்திய பட்டத்து யானையையும், குத்துக்கோற்காரர் மூவரையும், பாகர் இருவரையும் அவர் மழுவால் வெட்டி வீழ்த்தினார். ஆனால் அவ்வரலாற்றை இறுதிவரை படியுங்கள். சினத்தோடும் சேனையோடும் வந்த புகழ்ச்சோழர், வெட்டியவர் சிவனடியார் என்று கண்டதும் குதிரையை விட்டு இறங்கினார். நிகழ்ந்ததைக் கேட்டறிந்து, குற்றம் தம்முடையதே என்று சொல்லித் தம் உடைவாளையே நீட்டினார். எறிபத்தர் நடுங்கினார். வாங்காவிட்டால் அரசர் தம்மையே மாய்த்துக்கொள்வார் என்று அஞ்சி வாளை வாங்கியவர், இத்தகையவருக்கோ துன்பம் விளைத்தோம் என்று தம் கழுத்தையே அரியத் தொடங்கினார். அரசர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். யானைக்கு அடங்காத மழு, திருப்பி ஓங்காத ஒரு கையின் முன் அடங்கிற்று. அன்று ஈசன் திருவருளால் யானையும் எழுந்தது, மாண்டவர்களும் எழுந்தார்கள். அடிக்கு அடி என்றிருந்தால் கருவூரில் அன்று பிணங்களே மிஞ்சியிருக்கும்.

அங்ஙனமாயின் இறைவன் கையில் சூலம் எதற்கு, இன்றைய வேட்டை எதற்கு என்று கேட்கலாம். நம் பெரியோர் இறைவனின் கருணையை அறக்கருணை, மறக்கருணை என இருவகையாகப் பகுத்தனர். தண்டிப்பதும் அவனுக்குக் கருணையே. முப்புரம் எரித்த பெருமான் அங்கிருந்த அசுரர் மூவரையும் அழிக்காது, இருவரைத் தம் வாயிற் காவலராகவும் ஒருவரை முழவு முழக்குபவராகவும் ஏற்றருளினார். அவன் எறியும் அம்பு நோயை அறுக்கும், நோயாளியைக் காக்கும். மனிதர் அப்படி எறிய வல்லமா? நம் கையை இயக்குவது ஆணவ மலம். பழிவாங்கும்போது தருமம் செய்வதாக நாம் நினைக்கின்றோம், உண்மையில் நம் ஆணவத்துக்கு இரை போடுகின்றோம். தண்டனையை இறைவனிடம் விட்டுவிடுங்கள் என்று பவுல் அடிகள் உரோமருக்கு எழுதிய கடிதத்திற் சொன்னதும் இதனோடு ஒத்த கருத்தே. இன்று பெருமான் வேட்டையாடியது காட்டு விலங்கையன்று. காமம் குரோதம் முதலாக நம் நெஞ்சில் உறையும் விலங்குகளையே.

ஆயினும் இரண்டு எல்லைகளைச் சொல்லாமல் விட்டால் மீண்டும் பிழை செய்தவர் ஆவோம்.

ஒன்று, தன் கன்னத்தை ஒருவன் காட்டலாம். பிறன் கன்னத்தைக் காட்ட அவனுக்கு உரிமையில்லை. மெய்ப்பொருளார் தம் உயிர்க்கு வந்த தீங்கைப் பொறுத்தார். குடிகளுக்குத் தீங்கு வந்தபோது போர்க்களத்தில் நின்றார். வீதியில் ஒருவன் ஒரு பெண்ணையோ குழந்தையையோ அடிக்கும்போது பார்த்து நிற்பது பொறுமை அன்று. கிறிஸ்தவருள்ளும் இதைப் பற்றி ஒரே கருத்து இல்லை. உருசிய ஞானி தால்ஸ்தாய் எந்நிலையிலும் வன்மை கூடாது என்றார். புனித அகுஸ்தீன் போன்றோர் மெலியாரைக் காக்க அரசு வாளேந்தலாம் என்றனர்.

மற்றொன்று, பொறுமை வாய்மையை அடைக்கும் பூட்டு ஆகாது. நம் நாவலர் பெருமானை நினையுங்கள். பாதிரிமார் சைவத்தை இகழ்ந்து துண்டுப் பிரசுரம் பரப்பிய காலம் அது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற அவர், அவர்கள் மேற் கல்லெறியச் சொல்லவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சுக்கூடம் அமைத்தார். 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதி ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் விடை கொடுத்தார். இடிக்கப்பட்ட கோயிலுக்கு ஈடாக ஒரு தேவாலயத்தை இடியாமல், பள்ளிக்கூடம் கட்டினார். அவர் குரல் ஓங்கியது, கை ஓங்கவில்லை. அப்பர் பெருமானும் பல்லவ மன்னன் இழைத்த கொடுமைகளைப் பொறுத்தார். அவன் ஆணைக்குப் பணிய மறுக்கும் சொல்லை மாத்திரம் அவர் விழுங்கவில்லை.

இப்பொழுது அத்தாய்க்கு நாம் விடை கூறலாம். அவர் இக்கூட்டத்தில் எங்கேனும் அமர்ந்திருந்தால் கேட்கட்டும்.

அம்மா, மெய்ப்பொருள் நாயனார் கோழை அல்லர். நாம் சொன்னது பிழை. பொறுங்கள் என்று உங்களுக்கு உபதேசிக்க எமக்கு உரிமையில்லை. எம் பிள்ளை எம் வீட்டில் உறங்குகின்றான். உங்கள் மகன் எங்கே என்று நீங்கள் கேட்பது பழிவாங்கல் ஆகாது. அறைந்தவனிடம் ஏன் அடித்தாய் என்று இயேசுநாதர் கேட்டது பழிவாங்கல் ஆகாதவாறு போல என்று கொள்ளுங்கள். நீங்கள் கேளுங்கள். கேட்க வேண்டிய வாசல்தோறும் கேளுங்கள். எல்லாம் உன் வினை என்று எவரேனும் உங்கள் வாயை அடைத்தால், அது சித்தாந்தம் அன்று என்று சொல்லுங்கள். வினைக் கொள்கை நொந்தவர் தம்மைத் தேற்றிக்கொள்ள உதவலாம். நோகச் செய்தவர் தப்பித்துக்கொள்ள உதவாது. செய்தவனுக்கு ஆகாமிய வினை உண்டென்றே அது கூறும். இன்னொரு தாயின் பிள்ளைக்கும் இதுவே நேரவேண்டும் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மகனைத் தேடும் கேள்வியை விடாமல், பிறர் மகனுக்குத் தீங்கு நினையாமல் இத்தனை ஆண்டு வாழ்ந்திருக்கின்றீர்களே, மலைப்பிரசங்கம் சொன்ன வலிமையும் சேக்கிழார் பாடிய வலிமையும் அதுவே. நாம் மேடையில் நின்று தேடியது உங்களிடம் இருந்தது.

மெய்யன்பர்களே, நாளை மறுநாள் தேர். வடம் பிடிக்கும்போது முந்துவது யார், மாலை மரியாதை முதலில் யாருக்கு என்று ஆண்டுதோறும் சிறு சச்சரவு எழுவதை நாம் அறிவோம். பெரிய பகையைப் பொறுக்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தோள் இடித்தவனைத் திரும்பி முறைக்காமல் வடத்தைப் பிடிக்கும் பேறு எல்லார்க்கும் வாய்க்கும். அங்கே தொடங்குவோம். அயலில் வாழும் கிறிஸ்தவ அன்பர் நம் தேர் வீதியில் தண்ணீர்ப் பந்தல் வைத்தால் அவர்களுக்கு நன்றி சொல்வோம். அவர்கள் போதனையைப் பழித்த வாயால் இனிப் பழியாதிருப்போம்.

சினம் பலிக்கும் இடத்தில் சினத்தைக் காக்கும் வலிமையையும், உண்மை கேட்க வேண்டிய இடத்தில் அஞ்சாது கேட்கும் வலிமையையும் எல்லாம் வல்ல எம்பெருமான் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.